இருபது வருடத்தில் தெரியாத நோய்

ஆடிக்காற்று அடித்தால் எங்கள் கோத்தகிரியில் முதலில் போவது கூரை ஷீட்தான். போன ஆடியில் எதிர்வீட்டில் நான்கு ஷீட் உடைந்தது. புதுசு மாட்ட வந்த மேஸ்திரி, கட்டிங் மெஷினை வைத்து ஓரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூசி மூடுபனி மாதிரி சுற்றி நின்றது. மறுமுனையைப் பிடித்திருந்த பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். “மூக்கையாவது கட்டிக்கங்க” என்றேன். “இருபது வருசமா அறுக்கிறேன் அண்ணா, ஒரு இருமல்கூட வந்ததில்ல” என்றார் மேஸ்திரி.

அவர் பொய் சொல்லவில்லை. எனக்குப் பயமே அந்தக் கணக்கில்தான். அந்தத் தூசியால் வரக்கூடிய மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளியே தெரியப் பொதுவாக 20 முதல் 50 வருடம் ஆகும்.

ஷீட்டில் பெரும்பகுதி சிமென்ட். சுமார் பத்தில் ஒரு பங்கு ஆஸ்பெஸ்டாஸ், நம் மொழியில் கல்நார். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: கல்தான், ஆனால் நாராகப் பிரியும். வாழை நாரைக் கிழிக்கக் கிழிக்க மெலிவதுபோல இதுவும் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். கல்நார் இழை ஒரு மைக்ரானைவிட மெல்லியதாகவும் இருக்கும். அவ்வளவு மெலிந்த இழை மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடுகிறது.

அங்கே காவலுக்கு விழுங்கு செல்கள் இருக்கின்றன. சாதாரணத் தூசி வந்தால் விழுங்கி அப்புறப்படுத்திவிடும். ஆனால் அந்தச் செல்லே 10, 20 மைக்ரான் அகலம்தான். அதைவிட நீளமான இழையை எப்படி விழுங்கும்? பாதி விழுங்கி, வாயை மூட முடியாமல், உள்ளே வைத்திருக்கும் எரிவேதிப்பொருள்களைச் சுற்றிலும் கொட்டுகிறது. அந்த இடம் புண்ணாகிறது. அடுத்த செல் வந்து முயல்கிறது, அதுவும் தோற்கிறது. இழை மட்டும் அப்படியே கிடக்கிறது.

சில இழைகள் நுரையீரலைத் தாண்டி, அதைப் போர்த்தியிருக்கும் உறைக்குப் போகின்றன. அந்த உறையின் இரண்டு படலங்களுக்கும் நடுவே கொஞ்சம் நீர் ஊறும், நுண்ணிய துளைகள் வழியாக வடியும். குட்டை இழை துளையில் வழிந்து போய்விடும். நீள இழை, மழைநாளில் ஓடை மடையில் குறுக்கே சிக்கும் குச்சிபோல, அங்கேயே மாட்டிக்கொள்ளும் என்பது முக்கியமான விளக்கம். பல வருட அழற்சியில் அந்தப் படலத்துச் செல்களின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் போதுமான அளவு போன பிறகுதான் புற்று முளைக்கிறது. அதற்குத்தான் அத்தனை வருடம். வயிற்று உறையிலும் வரலாம், குறைவாக.

இந்தத் தொடர்பை உலகம் கவனித்தது 1960இல். தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார் சுரங்கப் பகுதியிலிருந்து 33 நோயாளிகளை வாக்னர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் பதிவு செய்தார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், அந்த ஊரில் வாழ்ந்தவர்கள். 1965இல் லண்டன் ஆய்வில், வேலையாட்களோடு ஒரே வீட்டில் வசித்தவர்களுக்கும் வந்தது தெரிந்தது. துணியில் ஒட்டி வீட்டுக்கு வந்த தூசி அது.

நம் ஷீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார். நீலத்தைவிட இதன் ஆபத்து குறைவு, ஆனால் எல்லா வகையும் புற்று உண்டாக்குபவை என்பதே உலகச் சுகாதார அமைப்பின் நிலை. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இங்கே இறக்குமதி செய்து ஷீட் செய்யத் தடை இல்லை. இது மாற வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

அதற்காக ஷீட் வீட்டில் இருப்பவர்கள் இரவோடு இரவாகக் காலி செய்ய வேண்டியதில்லை. இழை சிமென்டுக்குள் கட்டுண்டு இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. அறுப்பது, துளை போடுவது, உடைப்பது, அப்புறம் நம் மலையில் எல்லாரும் செய்கிற ஒன்று, கூரையில் படரும் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, இவைதான் இழையை அவிழ்த்துவிடும்.

நோய் வந்தால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், நெஞ்சில் நீர் கோக்கும். நெஞ்சில் நீர் என்றால் நம் நாட்டில் முதலில் சந்தேகம் காசநோய் மேல்தான், அதில் தப்பில்லை. ஆனால் ஷீட்டோடு வேலை செய்தவர், 30 வருடம் முன்னால் என்றாலும், அதை மருத்துவரிடம் தானாகவே சொல்ல வேண்டும். திசுப் பரிசோதனையில்தான் இது உறுதியாகும். மருந்துகள் உண்டு, 2020 முதல் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. இருந்தும் முழுக் குணம் அரிது.

இவ்வளவையும் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. இரண்டு குடம் தண்ணீர் எடுத்துப் போய், மீதி ஷீட்டை நனைத்துக் கைரம்பத்தால் அறுக்கச் சொன்னேன். தூசி அடங்கியது. பையன் ஸ்வெட்டரைக் கழற்றி உதறப் போனான். வேண்டாம் தம்பி என்று வாளியில் அப்படியே முக்க வைத்தேன். குளிரில் நடுங்கியவனுக்கு என் ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பினேன்.