பாட்டிலுக்குள் ஈரம் போகக் கூடாது, மரத்தில் ஈரம் இருக்க வேண்டும்: பி.யூ. பசையைக் கையாள்வது

பாலியூரித்தேன் (பி.யூ.) பசை வாங்கியவர்களிடம் அதிகம் கேட்கும் புகார், "ஒரே ஒரு தடவைதான் எடுத்தேன், அடுத்த தடவை பாட்டிலே கல்லாகிவிட்டது" என்பது. அதற்கு அடுத்தது, "ஒட்டினேன், நுரை பொங்கியது, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது" என்பது. இரண்டுக்கும் காரணம் தண்ணீர். முதலில் அது போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கிறது. இரண்டாவதில் அளவு மீறியிருக்கிறது, அல்லது அது கிளப்பிய நுரையை அழுத்திப் பிடிக்க ஆளில்லை.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, தன்னிடமுள்ள நீர் வெளியேறினால்தான் இறுகும். பி.யூ. பசை இதற்கு நேர் எதிர். அதில் ஐசோசயனேட் என்ற வேதித்தொகுதி இருக்கிறது. காற்றிலோ மரத்திலோ உள்ள ஈரத்தோடு அது வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டே கெட்டியாகிறது. நுரை அந்த வாயுதான். இறுகிய பிறகு இதை எந்தக் கரைப்பானும் கரைக்காது, சூடுகாட்டி இளக்கவும் முடியாது. ஆகவே பாட்டிலுக்குள் புகும் ஒவ்வொரு துளி ஈரமும் கொஞ்சம் பசையைத் திரும்பப் பெற முடியாதபடி தின்றுவிடும்.

நம் ஊர்க் காற்றில் அந்த ஈரம் எவ்வளவு என்று பாருங்கள். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். கடலோர ஊர்களில் இது சாதாரணம். பாதி காலியான பாட்டிலை மூடும்போது அந்தக் காற்றையும் சேர்த்தே மூடுகிறோம்.

அதனால் சேமிப்பு, கடையிலேயே தொடங்குகிறது. வீட்டு வேலைக்கு 60 மி.லி. போன்ற சின்ன பாட்டில் போதும். பெரிய பாட்டில் மலிவாகத் தெரியும், ஆனால் பாதி குப்பைக்குத்தான் போகும். தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். திறக்காத பாட்டிலும் என்றென்றைக்கும் தாங்காது, பிளாஸ்டிக் சுவர் வழியாகவே ஈரம் மெல்ல உள்ளே இறங்கும்.

ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, பசை அதன் மூக்கின் நுனிக்கு வரும்வரை மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அழுத்தம் தளராமலே மூடுங்கள். மூக்கைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஈரத்துணி கூடவே கூடாது. மூடியின் மரையில் வாஸலின் லேசாகத் தடவினால் அடுத்த முறை மூடி ஒட்டிக்கொள்ளாது.

பிறகு பாட்டிலை அப்படியே அலமாரியில் வைக்காமல், இறுக்கமான உலோக மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, கூடவே 50 கிராம் சிலிக்கா ஜெல் வையுங்கள். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த பொட்டலங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்தவை, அவற்றை நம்பாதீர்கள். நிறம் மாறும் ஆரஞ்சு வகையை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். 110 முதல் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணிநேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

பாட்டிலைத் தலைகீழாக வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்றைத் தொடும் பரப்பில்தான் ஏடு படியும். நிமிர்த்தி வைத்தால் அது வாய்ப்பக்கம் படிந்து வழியை அடைக்கும், கவிழ்த்தால் அடிப்பக்கம் படியும். ஆகவே கவிழ்ப்பதில் நியாயம் உண்டு, ஆனால் ஜாடிக்குள் வைத்தால் மட்டும். உள்ளே வாயு சேர்ந்திருந்தால் திறந்ததும் பசை பீறிடும். எடுத்ததும் நிமிர்த்திச் சில நிமிடம் விட்டு, முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பித் திறங்கள். ஒட்டுச்சீட்டில் நிமிர்த்தி வை என்று போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சாப்பாட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்துத் திறந்தவுடன் வாயைச் சுற்றி நீர் முத்துகள் கோக்கும், நாம் தவிர்க்க நினைத்ததே நடக்கும்.

பழைய பாட்டிலைப் பயன்படுத்துமுன் ஒரு சொட்டை பாலித்தீன் தாளில் விட்டுப் பாருங்கள். தேன் மாதிரி ஒழுகிப் பரவினால் நல்லது. நூலாக இழுத்தாலோ குறுணை தட்டினாலோ அந்தப் பசை மரத்துக்குள் ஊறாது, அதில் வேலை செய்யாதீர்கள். பாட்டில் உப்பியிருந்தால் உள்ளே ஈரம் போய் வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அழுத்தக் கூடாது. துணியால் சுற்றி, வெட்டவெளியில் மெதுவாக மூடியைத் தளர்த்தி, அப்படியே கழித்துவிடுங்கள்.

இனி ஒட்டுவது. மொட்டைமாடி நாற்காலியின் காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடம் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழைய பசையை உளியால் சுரண்டி மரம் தெரியும்வரை எடுத்து, 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். தேக்காக இருந்தால் ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டு, அது ஆவியான பிறகு தொடருங்கள். ஒரு துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரு பக்கத்தை மட்டும் துடையுங்கள். மரத்தின் நிறம் கொஞ்சம் அடர வேண்டும், பளபளக்கும் நீர்ப்படலம் தெரியக் கூடாது. மழைக்காலத்தில் வெளியே கிடந்த மரத்துக்கு இதுகூடத் தேவைப்படாது. ஏசி அறையில் கிடந்த பிளைவுட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

பசையை மற்ற பக்கத்தில், உலர்ந்த பக்கத்தில் தடவுங்கள். சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் போதும். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்புக்கு இது ஒன்றரை கிராமுக்குள் அடங்கிவிடும், காலாவதியான ஏடிஎம் கார்டால் மெல்லிய படலமாக இழுத்துவிடலாம். இது இறுகும்போது மூன்று நான்கு மடங்கு பொங்கும் என்பதால் கூடுதலாக ஊற்றுவதில் லாபமே இல்லை. 10 நிமிடத்துக்குள் சேர்த்து கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றைச் சுற்றிக் குச்சி செருகி முறுக்கலாம். கிளாம்ப்புக்கும் மரத்துக்கும் நடுவே பாலித்தீன் துண்டு வையுங்கள், அதில் இந்தப் பசை பிடிக்காது.

அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம்? வாயு உருவாகும்போது இரண்டு துண்டுகளையும் விலக்கத் தள்ளும். விலகிய இடத்தை நுரை நிரப்பும். பார்வைக்கு அது கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பகுதி வெறும் குமிழிதான், விரலால் நசுக்கலாம். வலிமை முழுவதும் மரத்தோடு மரம் அழுந்திய மெல்லிய கோட்டில் இருக்கிறது. ஆகவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி உள்ள தளர்ந்த இணைப்புக்கு இந்தப் பசை சரியில்லை. மரத்தூள் கலந்த எபாக்ஸிதான் அங்கே நிற்கும்.

பிதுங்கிய நுரையை ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், மரத்தின் நரம்பெல்லாம் கறையாகிவிடும். இரண்டு மணிநேரத்துக்குள் அது ரப்பர் பதத்துக்கு வரும், அப்போது உளியால் சீவினால் சுத்தமாக வந்துவிடும். கிளாம்பையும் அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். 24 மணிநேரம் கழியாமல் யாரும் உட்கார வேண்டாம். வெயில் பட்டால் பசைக்கோடு கறுக்கும், மேலே வார்னிஷோ பெயின்ட்டோ அடியுங்கள்.

தெர்மாகோல் வேலைக்கும் மாதிரி விமானத்துக்கும் இது அருமையான பசை. கரைப்பான் இல்லாததால் ரப்பர் பசை மாதிரி தெர்மாகோலை உருக்காது. ஆனால் தெர்மாகோலுக்குள் ஈரம் எளிதில் போகாது என்பதால், இரண்டு பலகைகளின் நடுவே பசை நாள்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். ஒட்டுமுன் ஒரு பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் பனிபோல ஒரே ஒரு தெளிப்பு, மேலே சமமான கனம், இவ்வளவுதான். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, குடம் எல்லாம் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலித்தீன் வகை. அவற்றில் எவ்வளவு பூசினாலும் உரிந்துவிடும். காய் வெட்டும் பலகை, கரண்டிக் காம்பு போல உணவு தொடும் எதிலும் வேண்டாம்.

உடல்நலம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐசோசயனேட் என்றதும் 1984 போபால் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கே கசிந்தது மீதைல் ஐசோசயனேட், 39 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். பசையில் பொதுவாக இருப்பது எம்.டி.ஐ. என்ற வேறொரு பொருள், அறை வெப்பத்தில் மிகக் குறைவாகவே ஆவியாகும். அந்தப் பயம் இதற்குப் பொருந்தாது. ஆனால் வேறொரு ஆபத்து உண்மையானது: தோலில் திரும்பத் திரும்பப் படுவதாலோ சுவாசிப்பதாலோ சிலருக்கு ஒவ்வாமை உருவாகிறது. ஒருமுறை உருவாகிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சிழுப்பைக் கிளப்பும். வேலை செய்த நேரத்தில் ஒன்றும் தெரியாமல், சில மணிநேரம் கழித்து இரவில் நெஞ்சு இறுகுவதும் உண்டு. அப்படி நடந்தால் மருத்துவரிடம் பசையின் பெயரைச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், எம்.டி.ஐ. போன்ற பொருள் 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றைத் தொழிலில் கையாளுவோர் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம். வீட்டில் செய்பவருக்கு அந்தப் பயிற்சியைத் தர யாருமில்லை.

ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள், நைட்ரில் கையுறை போடுங்கள். சீக்கிரம் காய வேண்டும் என்று ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ காட்டாதீர்கள், சூடு ஏற ஏற ஆவி கூடும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. முழுதாக இறுகாததை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டுக்குள் செய்யும் வேலைக்கு வெள்ளைப் பசையே போதுமானது, இதைத் தொடவே வேண்டாம். கையில் பட்டால் உடனே காய்ந்த துணியால் துடைத்து, சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அதற்குப் பிறகு சோப்பு போடுங்கள். தின்னரால் கழுவக் கூடாது. இறுகிவிட்டால் தோலோடு உரியும்வரை சில நாள் கறுப்பாகவே இருக்கும், பிய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

நாய் வளர்க்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நாய் பாட்டிலைக் கடித்து விழுங்கினால் வயிற்றின் ஈரத்திலும் சூட்டிலும் பசை பொங்கி, இரைப்பையின் வடிவத்திலேயே கட்டியாகிவிடும். அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க முடியும். கொஞ்சம்தானே என்று காத்திருக்காதீர்கள். தண்ணீர் புகட்டவோ வாந்தி எடுக்க வைக்கவோ கூடாது, பொங்கும் பசை உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குழந்தை விழுங்கியிருந்தால் 108.

மீந்த பசையைக் கழிக்க அட்டையில் மெல்லியதாகப் பரப்பி, லேசாக நீர் தெளித்து, வெளியில் ஒரு நாள் வைத்தால் கெட்டியாகிவிடும், பிறகு குப்பையில் சேர்க்கலாம். கீழே கொட்டியதை மரத்தூள் போட்டு வாரி, திறந்த டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். அந்த டப்பாவை உடனே மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். இறுகிய நுரைத் துண்டுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும்.