சிறுவனின் அம்புக்கு எந்த முனை?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியிருக்கிறது. பன்னிரண்டு வயது நிறைந்த பேரன் அங்கே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு, இந்தப் பருவத்தில் தன் அப்பாவுடன் வில்லேந்தி வெண்வால் மான் வேட்டைக்குப் போக ஆயத்தமாகிறான். கடையில் அம்பு முனைகள் விதவிதமாகத் தொங்குகின்றன. பறக்கும்போது மடிந்திருந்து பட்டவுடன் விரியும் முனையை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர், அசையாத அலகுள்ள முனையே போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "அப்பச்சி, எது சரி என்று என்னைக் கேட்கிறான். எனக்கு நெல்லும் மஞ்சளும் தெரியும், இது தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியிருக்கிறது. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் யாரும் இதை நம் ஊருக்கான யோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விஸ்கான்சினில் உரிமம், பருவம், வில்லின் குறைந்தபட்ச இழுவிசை, முனையின் குறைந்தபட்ச அகலம் என எல்லாமே விதிகளுக்கு உட்பட்டவை. மானுக்கான வில்லின் இழுவிசை 30 பவுண்டுக்குக் குறையக் கூடாது. முனையின் அகலம் ஒரு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்குக்கு, அதாவது சுமார் 22 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அதுவும் கூராக இருக்க வேண்டும்.

இனி இயற்பியலுக்கு வருவோம். பன்னிரண்டு வயதுப் பையன் 35 பவுண்டு, அதாவது 16 கிலோ இழுவிசையுள்ள, கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லை இழுப்பான் என்று வைத்துக்கொள்வோம். 23 கிராம் எடையுள்ள அம்பு அதிலிருந்து நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 35 ஜூல். மான் வேட்டைத் துப்பாக்கியின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது 3,000 ஜூலைத் தாண்டிய ஆற்றலைச் சுமந்து செல்கிறது. ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு ஆற்றலை வைத்துக்கொண்டு, அம்பு எப்படி அறுபது, எழுபது கிலோ எடையுள்ள விலங்கைச் சில நொடிகளில் நினைவிழக்கச் செய்கிறது? குண்டு சிதைக்கிறது, அம்பு அறுக்கிறது என்பதே விடை. அறுப்பதற்கு ஆற்றல் மிகக் குறைவாகவே தேவைப்படும், ஆனால் அறுக்கும் அலகு அதற்கேற்றபடி அமைந்திருக்க வேண்டும்.

கூர்மை என்றால் என்ன என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. 25 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் அலகின் விளிம்பு அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் கொண்டதாக இருந்தால், நூறு கிராம் எடைக்கல்லின் விசையே அந்த விளிம்பில் சுமார் 80 மெகாபாஸ்கல் அழுத்தத்தை உண்டாக்கும். அதே விளிம்பு மழுங்கி 20 மைக்ரான் ஆகிவிட்டால் அழுத்தம் 2 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். தலைமயிரின் தடிமன் 80 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதால், இந்த இரண்டு விளிம்புகளின் வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாற்பது மடங்கு வேறுபாடு அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது.

கூர்மை பாதிக் கதைதான். மீதிப் பாதி, என்னைப் பல ஆண்டுகளாக வியக்க வைத்துக்கொண்டிருக்கும் ஒரு செய்தி. கத்தியை நேராக அழுத்தினால் நசுங்கும் தக்காளி, கத்தியை லேசாக இழுத்தவுடன் வெட்டுப்படுகிறது. நம் வீட்டு அரிவாள்மனையின் அலகு வளைந்து நிற்பதும் இதற்காகத்தான். காயை நேராகத்தான் தள்ளுகிறோம், ஆனால் அலகு சாய்ந்திருப்பதால் காய் விளிம்பின்மீது வழுக்கிக்கொண்டே போகிறது. 2004இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி அட்கின்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். விளிம்பின் நீளவாக்கில் வழுக்கும் வேகத்தை, விளிம்புக்குச் செங்குத்தாக அழுந்தும் வேகத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த விகிதம் சுழியாக, அதாவது வெறும் அழுத்தமாக இருக்கும்போது தேவைப்படும் அழுத்து விசையை ஒன்று என்று கொண்டால், விகிதம் ஒன்றாகும்போது அது பாதியாகிறது. இரண்டாகும்போது ஐந்தில் ஒன்று. மூன்றாகும்போது பத்தில் ஒன்று. விகிதத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதைத் தலைகீழாக்கினால் விடை கிடைத்துவிடும்.

அவர்கள் இந்தக் கணக்கைச் சரிபார்த்தது செடார் பாலாடைக்கட்டியையும் சலாமி இறைச்சியையும் வெட்டித்தான். நம் ஊரில் ஓர் ஆய்வாளர் அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கும் விசையை அளக்கப் பணம் கேட்டு விண்ணப்பித்தால், அந்தக் கோப்பு முதல் மேசையைத் தாண்டாது என்பதே என் எண்ணம். இத்தகைய சிறிய கேள்விகளுக்கு நிதி தர மறுப்பது சிக்கனம் ஆகாது, கஞ்சத்தனம்தான். அறுவைச் சிகிச்சைக் கத்தி முதல் கரும்பு வெட்டும் இயந்திரம் வரை இந்தக் கணக்கு தேவைப்படாத இடமில்லை. 2012இல் ஹார்வர்டில், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவரான எல். மகாதேவனும் அவருடைய குழுவும் இதற்கு இன்னொரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். மென்மையான பொருளை நேராக அழுத்தும்போது அது ஆழமாகக் குழிந்த பிறகுதான் கிழியத் தொடங்குகிறது. வழுக்கும் அலகோ மேற்பரப்பைத் தன்னோடு இழுத்து, குழி ஆழமாகும் முன்பே அங்கே முதல் விரிசலை உண்டாக்கிவிடுகிறது. தோலும் நுரையீரலும் இந்த வகை மென்மையான பொருள்களே.

இந்தக் கணக்கை அம்பு முனைமீது வைத்துப் பார்ப்போம். அம்பு நேராகத்தான் போகிறது. அலகின் சாய்வே வழுக்கலை உண்டாக்குகிறது. 60 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட இரட்டை அலகு முனையில், நீளத்தைப் பாதி அகலத்தால் வகுத்தால் விகிதம் நான்கு. விளிம்பின் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் தேவைப்படும் அழுத்து விசை பதினேழில் ஒன்றாகிவிடுகிறது. நீளம் 30, அகலம் 38 என்று குட்டையாகவும் பரந்தும் இருக்கும் முனையில் விகிதம் ஒன்றரையைச் சற்றே தாண்டுகிறது. விசை மூன்றரையில் ஒன்றாகத்தான் குறைகிறது. இதைப் பார்த்துவிட்டு நீண்ட முனை ஆற்றலே இல்லாமல் வெட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. வெட்டுக்கு ஆகும் மொத்த ஆற்றலை, வெட்டின் பரப்பே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 38 மில்லிமீட்டர் வெட்டு 25 மில்லிமீட்டர் வெட்டைவிட ஒன்றரை மடங்கு விலை கேட்கும். மூன்று அலகு முனையிலும் இதே கதைதான்: குறுக்களவு 25 மில்லிமீட்டராக இருந்தாலும் மூன்று அலகுகளும் சேர்ந்து வெட்டுவது 37 மில்லிமீட்டருக்கு மேல். 35 ஜூல் மட்டுமே கையில் வைத்திருக்கும் பையன், விதி அனுமதிக்கும் அளவுக்குச் சற்று மேலான அகலத்தில், அதாவது 25 முதல் 29 மில்லிமீட்டருக்குள், நீண்டு ஒடுங்கிய இரட்டை அலகு முனையை எடுப்பதே சரியான சிக்கனம். நுனியிலிருந்தே அலகு தொடங்குவதாகவும் அது இருக்க வேண்டும். ஊசி போன்ற தனி நுனி தோலை முதலில் குத்தித் தள்ளுவதிலேயே ஆற்றலைச் செலவழித்துவிடும்.

கூரிய அலகு செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. இரத்தம் உறைவதற்குத் தட்டணுக்கள் குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், சிதைந்த செல்களிலிருந்து திசுக் காரணி என்னும் புரதம் இரத்தத்தோடு கலக்க வேண்டும். நசுங்கிக் கிழிந்த குழாய், சுவர் சுருங்கி உள்ளே சுருண்டுகொள்வதோடு, உறைவுக்கான பொருள்களையும் தாராளமாக அவிழ்த்துவிடுகிறது. சுத்தமாக அறுபட்ட குழாயில் இவை இரண்டும் குறைவு. சவரம் செய்யும்போது பட்ட சிறு கீறல் நெடுநேரம் கசிவதும் இதனால்தான். மழுங்கிய முனை பட்ட மான் ஓடிப்போய்ப் பல மணி நேரம் துன்பப்படும். கூரிய முனை நுரையீரல் இரண்டையும் கடந்தால் அந்தத் துன்பம் நொடிக்கணக்கில் முடிந்துவிடும். வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குத் தனிக் கருத்து உண்டு. ஆனால் செய்வதென்று ஆனபிறகு, கூர்மையில் அலட்சியம் காட்டுவதை எந்த நியாயமும் தாங்காது.

கடைக்காரர் சொன்ன விரியும் முனைக்கு வருவோம். அது மடிந்த நிலையில், அலகில்லாத பயிற்சி முனையைப் போலவே நேராகப் பறக்கும், பட்டவுடன் விரிந்து பெரிய வெட்டைத் தரும். பலமான வில்லுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அலகுகளை விரிக்கும் வேலைக்கும், விரிந்தபின் பரந்த வெட்டை அறுக்கும் வேலைக்கும் அம்பின் ஆற்றலிலிருந்துதான் செலவாக வேண்டும்; அதுவும் தோலைக் கடக்கும் அந்த முதல் கணத்திலேயே. பையனின் 35 ஜூலில் அந்தச் செலவுக்கு இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பக்கமே நான் நிற்கிறேன்.

அசையாத அலகுக்கு ஒரு குறை உண்டு. அம்பின் முன்புறத்தில் அவை சிறு இறக்கைகளாகிவிடுகின்றன. அம்பு லேசாகச் சாய்ந்து புறப்பட்டாலும் காற்று முன்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும், பின்னால் உள்ள இறகுகள் அதை எதிர்த்துத் திருத்த வேண்டும். ஆனால் இந்தக் காற்று விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. பெரியவர்களின் வில்லிலிருந்து நொடிக்கு 90 மீட்டரில் பாயும் அம்போடு ஒப்பிட்டால், பையனின் 55 மீட்டர் அம்பில் அது நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே அவனுடைய வலுக்குறைந்த வில், இந்த ஓர் இடத்தில் அவனுக்கே உதவுகிறது. முனை சற்றுக் கனமாக இருந்தால் எடை மையம் முன்னுக்கு நகர்ந்து அம்பு இன்னும் உறுதியாகப் பறக்கும். 100 கிரெய்ன் முனை ஆறரை கிராம். 125 கிரெய்ன் முனை எட்டு கிராமுக்கு மேல், நம் கணக்கில் ஒரு பவுன். எதை எடுத்தாலும் பயிற்சி முனையும் அதே எடையில் இருக்க வேண்டும், தண்டின் விறைப்பும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

வேட்டைக்காரர்கள் சிலர் முனையின் அலகுகளை இறகுகளின் நேர்கோட்டில் திருகி வைத்தால்தான் அம்பு நேராகப் போகும் என்று சாதிப்பார்கள். புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நம்மவர்களைப் பார்த்து அவர்கள் சிரிக்க முடியாது. பறக்கும் அம்பு தன் அச்சில் சுழன்றுகொண்டே போகிறது. அலகு எந்தக் கோணத்தில் தொடங்கியது என்பதைவிட, முனை தண்டின் அச்சில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்பதே முக்கியம். அம்பை நுனியில் நிறுத்திச் சுழற்றிப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும்.

எஃகைப் பற்றியும் ஒரு சொல். சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளை வெளிக்கொணர்ந்தன. அந்தக் கொல்லர்களின் சிக்கலே இன்றைய முனை தயாரிப்பாளருக்கும்: கரியளவு கூடினால் விளிம்பின் கூர்மை நீடிக்கும், மிகவும் கூடினால் எலும்பில் பட்டு உடையும். பெயருக்காக விலை கூடிய முனையைவிட, சாணைக்கல்லில் வீட்டிலேயே தீட்டிக்கொள்ளக்கூடிய நடுத்தர எஃகு முனையையே பையனுக்கு வாங்கச் சொல்வேன்.

மூன்று முனைகள் உள்ள பொட்டலத்தில் ஒன்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, நுரைப்பலகை இலக்கில் பதினைந்து மீட்டரிலிருந்து எய்து, பயிற்சி முனை விழும் இடத்திலேயே இதுவும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழவில்லையென்றால் வில்லைத்தான் திருத்த வேண்டும். முனையைப் பொருத்தும்போதும் கழற்றும்போதும் அதற்கென உள்ள சாவியைப் பயன்படுத்த வேண்டும்; கூர்மையைக் கட்டைவிரலால் சோதிக்கவே கூடாது. ஒரு ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி அதன்மேல் அலகை லேசாக வழுக்கவிட்டால், அழுத்தாமலே அது அறுபட வேண்டும். அறுபடாத முனையைத் தீட்டி மறுபடியும் சோதித்த பிறகே அப்பா அதை அம்புக்கூட்டில் வைக்கட்டும்.