கோர்சி என்னும் எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?

கோவில்பட்டியில் ஹாக்கி என்றால் அது தரையில் பந்தை உருட்டி ஆடும் ஆட்டம். கனடாவில் அதே சொல்லை அடைமொழி இல்லாமல் சொன்னால், பனித்தளத்தில் சறுக்குக் காலணியோடு ரப்பர் வட்டைத் துரத்தும் ஆட்டம். 1986இல் மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்ததும், நெல்லைச் சீமையின் ஹாக்கி ஊர் என்று இன்றும் அறியப்படுவதுமான கோவில்பட்டியில், மட்டை பிடித்த இளைஞர்கள் கைப்பேசியில் வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கின் ஆட்டங்களையும் பார்க்கத் தொடங்கும்போது, அங்கே ஒரு தடுப்பாட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்தில் ‘கோர்சி 54 சதவீதம்’ என்று போட்டிருப்பதைக் கண்டு நிற்பார்கள். கோலும் இல்லை, கோலுக்கு உதவியதும் இல்லை. பிறகு அந்த 54 எதைக் குறிக்கிறது?

கோர்சி என்பது ஒருவருடைய குடும்பப் பெயர். மாண்ட்ரியலில் பிறந்து, இத்தாலி அணிக்கும் கோல் காத்த ஜிம் கோர்சி, பின்னர் பஃபலோ சேபர்ஸ் அணியில் கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார். கோலை நோக்கி வந்த அடிகளை மட்டும் எண்ணினால் கோல்காப்பாளரின் உழைப்பு முழுதாகத் தெரியாது, விலகிப்போன அடிக்கும் வழியில் தடுக்கப்பட்ட அடிக்கும் அவர் உடலைத் தயார்ப்படுத்தத்தானே வேண்டும் என்பது கோர்சி வைத்த கணக்கின் அடிப்படை. விக் ஃபெராரி என்ற புனைபெயரில் எழுதிவந்த டிம் பார்ன்ஸ், இதே கணக்கைக் கோல்காப்பாளரிடமிருந்து எடுத்து மற்ற ஆட்டக்காரர்களுக்கும் பொருத்தி, அதற்குக் கோர்சி என்று பெயர் வைத்தார். சேபர்ஸ் அணியின் பொது மேலாளர் டார்சி ரீகியர் வானொலியில் பேசியதைக் கேட்டுத்தான் பார்ன்ஸுக்கு இந்த யோசனை வந்தது. ஆனால் ரீகியர் என்ற பெயர் எண்ணுக்கு எடுப்பாக இல்லை என்று விட்டுவிட்டு, ஜிம் கோர்சியின் மீசை பிடித்துப்போனதால் அவர் பெயரை வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மீசைக்கு மரியாதை செய்வது நமக்குப் புதிதல்ல என்றாலும், ஒரு கலைச்சொல் பிறக்க இது போதிய காரணம் இல்லை. தேசிய ஹாக்கி லீக் 2015இல் இந்தக் கணக்கைத் தன் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களில் சேர்த்தபோது, ஆள்பெயரை விட்டுவிட்டு, ‘அடிக்க எடுத்த முயற்சி’ என்று பொருள்படும் பெயரையே கொடுத்தது.

கணக்கு எளியது. இரு பக்கமும் ஐந்து ஆட்டக்காரர்கள் சமமாக நிற்கும் நேரத்தில், ஒரு தடுப்பாட்டக்காரர் தளத்தில் இருக்கும்போது அவர் அணி எடுத்த முயற்சிகள் எல்லாம் ஒரு பக்கம்; எதிரணி எடுத்தவை மறுபக்கம். உதாரணத்துக்கு, அவர் அணி கோலை நோக்கி 9 அடிகள் அடித்து, 4 விலகிப்போய், 5 வழியில் தடுக்கப்பட்டிருந்தால் மொத்தம் 18; எதிரணி அதே நேரத்தில் 12 முயற்சிகள் எடுத்திருந்தால், 30இல் 18, அதாவது 60 சதவீதம். தடுக்கப்பட்டவற்றை மட்டும் நீக்கிவிட்டு எண்ணினால் அதற்குப் பெயர் ஃபென்விக். அதுவும் மாட் ஃபென்விக் என்பவரின் பெயர்தான்.

இதை ஏன் வட்டு யார் வசம் இருந்தது என்பதற்கான அளவு என்கிறார்கள்? வட்டு கையில் இல்லாமல் கோலை நோக்கி அடிக்க முடியாது என்பதால், முயற்சியின் எண்ணிக்கையை வசத்தின் நிழலாக வைத்துக்கொண்டார்கள். யாரும் நேரத்தை அளக்கவில்லை. கடிகாரம் இங்கே வேலை செய்யவே இல்லை. ஆகவே இதை ‘வட்டுவச விகிதம்’ என்று தமிழாக்குவது தவறான பொருளைத் தரும். பந்தைத் தன்வசம் 60 சதவீதம் வைத்திருந்தது என்று நம் நாளிதழ்கள் கால்பந்துக்கு எழுதுவதை வாசகர் நேரக் கணக்காகவே எடுத்துக்கொள்வார். இது எண்ணிக்கைக் கணக்கு. வட்டு என்பது மட்டும் நல்ல சொல்: ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்று 401ஆம் குறளிலேயே ஆட்டக் காயாக வந்திருக்கிறது, ‘பக்’ என்று எழுத வேண்டிய தேவை இல்லை.

முயற்சிக்கு ‘அடிமுயற்சி’ என்று ஒரு சொல்லைக் கட்டலாம்தான். ஆனால் படிக்கிறவருக்குக் காவல் நிலையத்து வழக்கு நினைவுக்கு வரும். விளையாட்டுப் பக்கங்களில் ஏற்கெனவே புழங்கும் ‘கோல் முயற்சி’ இருக்கும்போது புதிதாக எதற்கு? கோர்சிக்குக் ‘கோல் முயற்சிக் கணக்கு’, அதன் சதவீதத்துக்குக் ‘கோல் முயற்சிப் பங்கு’, ஃபென்விக்குக்குத் ‘தடைபடாத கோல் முயற்சி’ என்பதே என் தேர்வு. ஹாக்கி மட்டையைக் குறிக்கும் வளைகோலில் உள்ள கோலும் இந்தக் கோலும் வேறு என்பதை இடம் காட்டிவிடும்.

சொல்லைவிடப் பெரிய சிக்கல், தடுப்பாட்டக்காரருக்கு அதைப் பொருத்துவதில் இருக்கிறது. உடம்பைக் குறுக்கே போட்டு அடியைத் தடுக்கிறவருக்கு எந்த மைதானத்திலும் கைதட்டல் உண்டு. கோவில்பட்டியில் பெனால்டி கார்னரின்போது முதலில் பாய்ந்து ஓடி முழங்காலில் பந்தை வாங்குகிறவரை ஊரே பெயர் சொல்லிக் கூப்பிடும். கோர்சிக் கணக்கில் அந்தத் தடுப்பு அவர் அணிக்கு எதிரான முயற்சியாகவே பதிவாகிறது. கொடுமை என்று தோன்றினாலும் அதில் நியாயம் இருக்கிறது: தடுக்க வேண்டிய நிலை வந்ததே வட்டு எதிரணியிடம் நெடுநேரம் இருந்ததால்தான். தாமிரபரணிக் கால்வாய்களில் கரை உடைந்த பிறகு மண்வெட்டியோடு ஓடுகிறவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். உடையாமல் பார்த்துக்கொண்டவரை யாரும் கவனிப்பதில்லை. தன் அணியின் தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக் கோட்டிலேயே எதிரியை மடக்கி, வட்டைப் பறித்து, முதல் தள்ளலிலேயே தன் முன்வரிசைக்குச் சேர்த்துவிடும் தடுப்பாட்டக்காரர் அந்த இரண்டாம் வகை. அவரைக் கண்டுபிடிக்கத்தான் இந்த எண் உதவுகிறது. முன்பு இதற்கு, ஒருவர் தளத்தில் இருக்கும்போது அவர் அணி போட்ட கோலைக் கூட்டி, வாங்கிய கோலைக் கழிக்கும் கூட்டல்–கழித்தல் கணக்கு இருந்தது. ஆனால் ஓர் ஆட்டத்தில் இரு பக்கமும் சேர்ந்து விழும் கோல் ஆறு என்ற அளவில்தான் இருக்கும், முயற்சியோ நூறைத் தாண்டும். கோலை மட்டும் எண்ணினால் அதிர்ஷ்டத்துக்கே மதிப்பெண் போனதுபோல் ஆகிவிடும்.

அதற்காக 54ஐ மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எதிரணியின் முதல் வரிசைக்கு எதிராக, அதுவும் தன் கோலுக்கு அருகே ஆட்டம் தொடங்கும் நேரங்களில் எல்லாம் அனுப்பப்படும் ஒருவர் 49 எடுத்தால், பலவீனமான வரிசைக்கு எதிராக மட்டும் இறக்கப்பட்டு 55 எடுத்தவரைவிட அவர் மேலாக இருக்கக்கூடும். முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கி ஆடும், பின்தங்கிய அணி கண்டபடி அடிக்கும் என்பதால், ஆட்டத்தின் நிலவரமும் எண்ணை வளைக்கும். அவரோடு ஜோடி சேரும் மற்றத் தடுப்பாட்டக்காரர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

ஆகவே தமிழில் ‘இவருடைய கோல் முயற்சிப் பங்கு 54’ என்று எழுதுவது பிழை. அந்த எண் அவருடையது அல்ல, அவர் தளத்தில் இருந்தபோது அணிக்குச் சேர்ந்தது. ‘இவர் தளத்தில் இருந்தபோது அணியின் கோல் முயற்சிப் பங்கு 54 சதவீதம், வெளியே அமர்ந்திருந்தபோது 49’ என்று இரண்டையும் சேர்த்து எழுதினால், இடையில் உள்ள ஐந்து புள்ளியில் அவர் பங்கு எவ்வளவு என்று வாசகர் கேட்கத் தொடங்கலாம்.