அஞ்சும் முடிவுகள், துணியும் கணிப்புகள்: நிறுவனத்துக்குள் நடத்தை அறிவியல்

பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் ஒருமுறை ஒரு பெருநிறுவனத்தின் பிரிவுத் தலைவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் கற்பனையான ஒரு முதலீட்டை முன்வைத்தார். வென்றால் 20 லட்சம் டாலர் ஆதாயம், தோற்றால் 10 லட்சம் டாலர் நட்டம், இரண்டுக்கும் சமமான வாய்ப்பு. உங்கள் பிரிவுக்கு இதை ஏற்பீர்களா என்று கேட்டபோது மூவர் மட்டுமே ஏற்றனர். பிறகு, இத்தகைய முதலீடுகள் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஒன்றாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று தலைமை நிர்வாகியிடம் கேட்டார். அவை அனைத்தும் வேண்டும் என்றார் அவர்.

தலைமை நிர்வாகியின் ஆசை பேராசையன்று என்பதைக் கணக்கே காட்டும். ஒன்றையொன்று சாராத 25 முதலீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் சராசரி ஆதாயம் 5 லட்சம் டாலர் என்பதால் மொத்தத்தில் எதிர்பார்க்கக்கூடியது 1 கோடியே 25 லட்சம் டாலர். நிறுவனம் முழுவதற்கும் நட்டம் வர வேண்டுமானால், 25-இல் 8 அல்லது அதற்கும் குறைவானவை மட்டுமே வெல்ல வேண்டும். அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ஆயினும் முடிவெடுக்கும் அதிகாரம் பிரிவுத் தலைவர்களிடம் இருக்கும்வரை இந்த ஆதாயத்தின் பெரும்பகுதி நிறுவனத்துக்குக் கிட்டாது.

அவர்கள் ஏன் மறுத்தார்கள்? ஒரே அளவுள்ள ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட நட்டம் தரும் வலி பெரிது என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானேமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட கோட்பாட்டில் விளக்கினர். 1992-இல் அவர்கள் அளித்த மதிப்பீட்டின்படி அந்த வலி ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு. அந்த அளவுகோலில் 10 லட்சம் நட்டம் 22.5 லட்சமாகக் கனக்கும் என்பதால் 20 லட்சம் ஆதாயம் அதற்கு ஈடாகாது; ஆகவே மறுப்பு எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் இதை வெறும் மனக்கோளாறு என்று தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. வென்றவருக்குப் பாராட்டும் தோற்றவருக்கு வேலையிழப்பும் கிடைக்கும் இடத்தில், மறுப்பதுதான் அந்தத் தனிமனிதருக்கு அறிவுடைய செயல். நிறுவனங்கள் ஊழியரின் மனச்சாய்வு என்று குறைகூறுபவற்றில் கணிசமான பகுதி, அவர்களை மதிப்பிட அந்நிறுவனங்களே வகுத்துக்கொண்ட முறையின் விளைவு.

இவ்வளவு அஞ்சும் அதே நிறுவனங்கள்தாம், ஒரு திட்டம் எவ்வளவு செலவில் எப்போது முடியும் என்று கணிக்கும்போது வியப்பூட்டும் துணிவைக் காட்டுகின்றன. 1963-க்குள் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவில் முடிந்துவிடும் என்று கருதப்பட்ட சிட்னி ஓப்பரா மாளிகை, 1973-இல் 10 கோடியே 20 லட்சம் டாலர் செலவில்தான் திறக்கப்பட்டது. பெருந்திட்டங்களை ஆராயும் பென்ட் ஃப்ளூபியரும் அவரது குழுவினரும் 2002-இல் 258 போக்குவரத்துக் கட்டுமானத் திட்டங்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது திட்டங்களின் செலவு குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தது; ரயில் திட்டங்களின் செலவு சராசரியாக 45 விழுக்காடு மிகுந்திருந்தது.

அச்சமும் துணிவும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கானேமனும் டான் லோவல்லோவும் 1993-இல் எழுதிய ஆய்வுரை, இவை இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்று வாதிட்டது. கையிலுள்ள ஒன்றை மட்டும் தனித்தெடுத்துப் பார்க்கும் பழக்கமே அந்த வேர். தனியாகப் பார்க்கும்போது அதன் நட்டம் பூதாகரமாகத் தெரிகிறது. தனியாகப் பார்க்கும்போதுதான் அதன் திட்ட வரைவும் குறையற்றதாகத் தோன்றுகிறது.

இதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் குழுவிடம் காலக்கெடு கேட்டால், அது வரிசையாகச் செய்ய வேண்டிய பணிகளை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு பணியும் நேரத்தில் முடியும் என்பதற்கு நியாயமான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பணிகள் இருந்து, ஒவ்வொன்றும் உரிய நேரத்தில் முடிய 90 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலும், பத்தும் தடங்கலின்றி முடிவதற்கான வாய்ப்பு 35 விழுக்காடு மட்டுமே. எந்தத் தடங்கல் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், ஏதோ ஒன்று வரும் என்பதும் கணக்கில் சேராமல் போய்விடுகிறது.

அனுபவமுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டால் இது தீரும் என்பதும் உறுதியில்லை. இஸ்ரேலில் ஒரு பாடநூலைத் தயாரித்த குழுவில் கானேமன் இருந்தார். பணி முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும் என்று உறுப்பினர்கள் மதிப்பிட்டனர். குழுவிலிருந்த பாடத்திட்ட வல்லுநரின் மதிப்பீடும் அதுவே. இதே போன்ற பிற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவரிடம் கேட்டபோதுதான், ஏறத்தாழ 40 விழுக்காடு குழுக்கள் பணியை முடிக்கவே இல்லை என்றும், முடித்தவற்றுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆயின என்றும் அவர் தயங்கியபடி கூறினார். அந்த நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. தேவையான தகவல் சற்றுமுன்வரை அவருடைய தலைக்குள்தான் இருந்தது. அதை வெளிக்கொணரும் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். மனச்சாய்வுகளைப் பற்றி மேலாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி அளிப்பதால் விளையும் பயன் சிறிது. எந்தக் கேள்வி முதலில் கேட்கப்படுகிறது, யார் முதலில் விடையளிக்கிறார் என்ற ஒழுங்கை மாற்றுவதால் விளையும் பயன் பெரிது. ஃப்ளூபியர் நடைமுறைக்குக் கொண்டுவந்த கணிப்பு முறை அப்படிப்பட்டது. முதலில் ஒத்த திட்டங்களின் தொகுப்பு ஒன்றைத் தேர்ந்து, அவை உண்மையில் எவ்வளவு காலமும் செலவும் எடுத்தன என்று பார்க்க வேண்டும்; அந்தப் பரவலில் நம் திட்டம் எங்கே நிற்கக்கூடும் என்று வைத்த பிறகே அதன் தனிச்சிறப்புகளைப் பேச வேண்டும். பிரிட்டன் அரசின் நிதித்துறை 2003 முதல் பொதுத் திட்டங்களின் மதிப்பீட்டில் மிகைநம்பிக்கைக்கான திருத்தத்தை வெளிப்படையாகச் சேர்க்கக் கோருகிறது. குறைவான தொகையைக் காட்டினால்தான் ஒப்புதல் கிடைக்கும் என்று தெரிந்தே ஒருவர் குறைத்துக் காட்டும்போது மட்டும் இம்முறையால் ஆகக்கூடியது அதிகமில்லை. அது உளவியலின் எல்லைக்கு அப்பாற்பட்ட சிக்கல்.

தொடங்கிவிட்ட திட்டத்தைக் கைவிட முடியாமல் தொடர்வது இன்னொரு வகைத் தவறு. இதற்கும் ஒழுங்குமாற்றமே மருந்தாகிறது. 1976-இல் நிறுவன நடத்தை ஆய்வாளர் பேரி ஸ்டா நடத்திய சோதனையில், வணிக மாணவர்கள் ஒரு நிறுவனத்தின் இரு பிரிவுகளில் ஒன்றுக்கு ஆராய்ச்சி நிதியை ஒதுக்கினர். பிறகு அந்தப் பிரிவு நலிந்துவிட்டதாகச் சிலருக்குக் காட்டப்பட்டது. முதல் ஒதுக்கீட்டைத் தாமே செய்திருந்தவர்கள், அதை வேறொருவர் செய்ததாக அறிந்தவர்களைவிட, நலிந்த அதே பிரிவுக்கு மேலும் அதிகமாகக் கொடுத்தனர். அதாவது பணத்தோடு அவர்களுடைய தீர்ப்பும் அங்கே முடங்கிக் கிடந்தது. ஆய்வகத்துக்கு வெளியிலும் இது தென்பட்டது. கலிபோர்னியாவின் 132 வங்கிகளை ஒன்பது ஆண்டுக் காலத்துக்கு ஆராய்ந்து ஸ்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட கட்டுரை, மூத்த மேலாளர்கள் மாறிய வங்கிகளில் வாராக்கடன் ஒப்புக்கொள்ளப்படுவது மிகுந்ததைக் காட்டியது. எனவே கடன் வழங்கியவரும் அந்தக் கடனை மறுஆய்வு செய்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. எந்த நாளுக்குள் எந்த இலக்கை எட்டாவிட்டால் திட்டம் நிறுத்தப்படும் என்று, யாருடைய பெயரும் பணயமாகாத தொடக்க நாளிலேயே எழுதிவைப்பதும் அதே நோக்கில் உதவும்.

ஒரே விவரங்களை ஒரே தகுதியுடைய இருவரிடம் கொடுத்தால் ஒரே விடை வருமா என்பதையும் சோதிக்கலாம். கானேமனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இதைச் செய்தபோது, சந்தா நிர்ணயிப்போர் இருவரின் தொகைகளுக்கு இடையே 10 விழுக்காடு வேறுபாடு இருக்கும் என்று நிர்வாகிகள் எதிர்பார்த்தனர். இருந்ததோ 55 விழுக்காடு. கூட்டத்தில் பேசத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டைத் தனியே எழுதித் தந்து, மூத்தவர் கடைசியாகப் பேசினால், இந்த வேறுபாடு மறையாமல் மேசைக்கு வரும்.

கடித வாசகம், படிவ அமைப்பு போன்றவற்றைச் சற்று மாற்றி வாடிக்கையாளரை மெல்லத் தூண்டும் உத்திகளைப் பற்றி நடத்தை அறிவியலின் பெயரால் விற்கப்படும் வாக்குறுதிகளை மட்டும் தள்ளுபடியோடு ஏற்பதே முறை. அமெரிக்காவில் அரசு சார்ந்த சேவைகளுக்காக இரு தூண்டல் அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளை ஸ்டெஃபானோ டெலாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் தொகுத்து 2022-இல் வெளியிட்டனர். ஆய்விதழ்களில் வெளிவந்த பிற சோதனைகளில், நாடிய செயலைச் செய்தோர் பங்கில் ஏற்பட்ட சராசரி உயர்வு 8.7 விழுக்காட்டுப் புள்ளிகளாக இருந்தது. இந்த அமைப்புகளின் அனைத்துச் சோதனைகளையும் சேர்த்தால் 1.4 புள்ளிகள்தாம். பெரிய விளைவு கிடைத்தவை மட்டும் அச்சேறுவது இந்த இடைவெளியின் முதன்மைக் காரணம். படிவத்தின் தலைப்பிலேயே உறுதிமொழிக் கையொப்பம் பெற்றால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012-இல் கூறிய புகழ்பெற்ற ஆய்வு, அதன் காப்பீட்டுத் தரவு புனையப்பட்டது என்பதற்கான சான்றுகள் வெளியானபின் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு கடிதத்தின் வாசகத்தை மாற்றச் செலவு ஏதுமில்லை என்பதால் 1.4 புள்ளிகூட இலாபமே. ஆனால் அது தன் வாடிக்கையாளரிடமும் கிடைக்குமா என்பதை அந்தந்த நிறுவனம் அவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துத் தானே சோதித்துத்தான் அறிய முடியும்.

இவையனைத்துக்கும் முன்தேவை ஒன்று உண்டு; அது பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகிறது. ஒத்த திட்டங்களின் தொகுப்பைக் கொண்டு கணிக்க வேண்டுமானால், பழைய திட்டங்களின் முதல் மதிப்பீடு கோப்பில் இருக்க வேண்டும். நிறுவனங்கள் காலக்கெடுவைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் முந்தைய எண்ணின் மீதே புதிய எண்ணை எழுதிவிடுவதால், முடிவில் ஒவ்வொரு திட்டமும் குறித்த நாளில் முடிந்ததாகவே பதிவாகிறது.