முகவரிக்குள் தமிழ் எப்படிப் போகிறது?

தமிழ் விக்கிப்பீடியாவின் பக்க முகவரி ஒன்றை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால், பல நேரம் சதவீதக் குறிகள்தான் வரிசைகட்டி நிற்கும். அது பழுதல்ல. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் என 128 இடங்கள் மட்டுமே கொண்ட ஆஸ்கி என்ற பழைய குறியீட்டு முறையை நம்பி எழுந்தவை இணைய நெறிமுறைகள். தமிழ் அதற்குள் நுழைய வேடம் மாற்றியாக வேண்டும். அந்த வேடமும் இடத்துக்கு இடம் மாறும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஓர் எண் தருவது யூனிகோட்; அந்த எண்ணைப் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாக, எழுதுவது யுடிஎஃப்-8. அந்த முறையில் 'ச' என்ற எழுத்து மூன்று பைட்டுகள்: 224, 174, 154. முகவரியில் ta.wikipedia.org போன்ற தளப்பெயருக்குப் பின் வரும் பாதையில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினறும (0–9, A–F) இலக்கங்களுமாக மாறுகிறது. ஆக, ஓர் எழுத்துக்கு ஒன்பது குறிகள். புள்ளியையும் கொம்பையும் தனியாக எண்ணும் யூனிகோடில் 'சிங்கப்பூர்' 11 குறியீடுகள். அப்படியென்றால் 99 குறிகள்.

பாதையில் இந்த நீளம் பரவாயில்லை. தளப்பெயரில் நடக்காது. அங்கே சதவீதக் குறிக்கே இடமில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 63 குறிகளுக்கு மேல் போகவும் கூடாது. அதற்காக 2003இல் வந்ததுதான் பனிகோட் (Punycode) என்ற முறை. எழுத்துகளை யூனிகோட் எண்ணின் ஏறுவரிசையில் எடுத்து, முந்தையதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, சொல்லில் எங்கே வருகிறது என்ற இரண்டையும் ஒரே எண்ணில் அடக்குகிறது. தமிழுக்கான 128 இடங்களும் பக்கம் பக்கமாக இருப்பதால் முதல் தாவல் மட்டுமே பெரியது. சிங்கப்பூரின் தமிழ் மேல்நிலைப் பெயர் (.com போலத் தளப்பெயரின் கடைசியில் வரும் '.சிங்கப்பூர்') இப்படி, 'xn--' என்ற முன்னொட்டையும் சேர்த்து, 22 குறிகளில் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் அழகாகப் படுவது இந்தச் சிக்கனம்தான்.

தலைப்பு வரிகளின் கதை வேறு. பக்கத்தோடும் கோப்போடும் வழங்கி அனுப்பும் விவர வரிகளான எச்டிடிபி தலைப்புகளை (HTTP headers) பழைய மென்பொருள்கள், ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியீட்டு முறை என்றே படித்தன. அதில் 224 என்பது மேலே சாய்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து, 174 என்பது பதிவுபெற்ற வணிகக் குறி. தரவிறக்கிய கோப்பின் தமிழ்ப் பெயர் அந்த இரண்டும் மாறி மாறி வரும் குப்பையாகத் தெரிவது இதனால்தான். கோப்புப் பெயரைச் சொல்லும் அளபுருவின் (parameter) பெயரில் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்து, 'இது யுடிஎஃப்-8' என்று சொல்லி, சதவீத முறையில் பெயரை அனுப்பினால் உலாவி சரியாகப் படிக்கும்.

இன்னொரு சிக்கல் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. 'கொ' என்பதை க, ஒகரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். க, எகரக் குறி, கால் என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. தளப்பெயரில் சேர்ந்த வடிவம் கட்டாயம். பாதையில் அப்படி விதி இல்லை. வழங்கி வேறு பக்கமென்று நினைத்து 'பக்கம் இல்லை' என்ற 404 பிழையைக் காட்டிவிடலாம். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. தமிழில் முகவரி வைக்கும் தளமென்றால், சேமிக்கும் முன்பே எல்லாவற்றையும் என்எஃப்சி என்னும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரே வரி போதும்.