பேப்பர் முடிஞ்சாச்சு, அலைன்மென்ட் மட்டும் பாக்கி

மார்த்தாண்டத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆய்வு மாநாட்டுக் காலம் வந்தால் குலசேகரம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாணவர்கள் ஆய்வுக் கட்டுரையை அடித்துப் பென்டிரைவோடு வருவார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, பேப்பர் முடிஞ்சாச்சு, அலைன்மென்ட் மட்டும் பாக்கி." அந்தப் பாக்கிக்குத்தான் ராத்திரி முழுக்கப் போகும். மாநாட்டுக்காரர்கள் தரும் டெம்ப்ளேட்டிலேயே, அதாவது மாதிரிக் கோப்பிலேயே, முதல் வரியிலிருந்து அடித்திருந்தால் அதில் பாதி வேலை இருக்காது.

பொறியியல் மாநாடுகள் பலவும் கேட்கும் ஐ ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு) டெம்ப்ளேட்டில் தலைப்பு 24 பாயின்ட், உள்ளே 10, சுருக்கம் 9, மேற்கோள் பட்டியல் 8. எல்லாம் ஸ்டைலாக, அதாவது பெயரிட்டு வைத்த வடிவமைப்பாக, உள்ளேயே இருக்கிறது. பிள்ளைகளோ தனியாக அடித்து வைத்த கோப்பிலிருந்து காப்பி எடுத்து ஒட்டுகிறார்கள்; அதோடு அந்தக் கோப்பின் ஸ்டைலும் ஏறி வந்துவிடும். 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' கொடுத்து ஒட்டிவிட்டு டெம்ப்ளேட்டின் ஸ்டைலைப் போடுங்கள். சாய்வெழுத்தும் கீழெழுத்தும் போய்விடும், அவற்றைத் திரும்பப் போட வேண்டும். சமன்பாட்டு எண்ணை ஸ்பேஸ் தட்டித் தட்டி ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். வேறு கணினியில் திறந்தால் அது அடுத்த வரிக்கு ஓடிவிடும். அதற்கென்று டெம்ப்ளேட்டிலேயே டேப் வைத்திருக்கிறார்கள்.

ஆறு பக்க வரம்பு, வந்திருப்பது ஆறேகால். உடனே "மார்ஜினைக் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்பார்கள். நான் செய்வதில்லை. மாநாட்டுக்காரர்கள் வெளியிடும் தொகுப்பில் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே ஓரம்தான். பக்க எண் போட அவர்களுக்கும் இடம் வேண்டும். முதலில் தாளின் அளவைப் பாருங்கள். கேட்டிருப்பது ஏ4, கோப்பு லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவில் இருக்கும். ஏ4 உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் 279தான். அதை மாற்றினாலே கால் பக்கம் அடங்கிவிடுவது உண்டு. அடங்காவிட்டால் முன்னுரையில் "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கும் பத்தியை வெட்டுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

படம் இன்னொரு தலைவலி. வரைபடத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி, அதையே இறக்கி ஒட்டுகிறார்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்திருப்பதில் ஒரு வரிசையின் அகலம் 3.5 அங்குலம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் படம் 1050 பிக்ஸல் அகலமாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப் சுருக்கிய படத்தைப் பெரிதாக்கினால் வரைபடத்தின் ஓரத்து எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும். அட்டவணையைப் படமாக ஒட்டவே வேண்டாம்.

தமிழ்த்துறைக் கருத்தரங்குக்கு எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் எழுத்துருவில். பாமினி என்ற பழைய எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுவது; அதில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டது. இன்னும் பாமினியிலேயே அடித்துக்கொண்டிருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பழைய கோப்பை யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றினாலும் ஒரு தடவை வரிவரியாகப் படித்துவிடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பிராப்பர்ட்டீஸில் பார்ப்பது தமிழுக்கும் சரி, ஆங்கிலத்துக்கும் சரி, அவசியம்.

பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால் பெயரை அழித்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளில் ஆத்தர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும், சில நேரம் எங்கள் கடைப் பெயரே இருக்கும். வேர்டில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' கொடுத்து நீக்கிவிடலாம். நன்றியுரையில் கல்லூரி முதல்வரை வணங்கியிருந்தால் அதையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கடைசித் தேதி. தேதிக்குப் பக்கத்தில் ஏஓஇ (பூமியில் எங்காவது அந்தத் தேதி முடியாமல் இருக்கும்வரை) என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் மாலை 5.29 வரை நேரம் உண்டு. இது தெரிந்த பிள்ளைகள் சிலர் மறுநாள் நாலரை மணிக்குத்தான் கடைக்கு வருகிறார்கள். மின்சாரம் இருக்குமா என்பதை மட்டும் விசாரித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.