கிரான் ஓடியது, பேக்கப் எங்கே?

"பேக்கப் எல்லாம் கிரான்ல போட்டாச்சு சார், தினமும் ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா ஓடுது." ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வரை முதன்முறை பார்க்கப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. "கடைசியா வந்த ஃபைலைத் திறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

கிரான், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் பழைய, நம்பகமான கருவி. டெபியன், உபுண்டு, ரெட்ஹேட் என்ற லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் இருப்பது 1987இல் பால் விக்ஸி எழுதிய கிரானின் வழிவந்ததுதான். நிமிடத்துக்கொரு தடவை விழித்துப் பட்டியலைப் பார்க்கும். நேரம் வந்த கட்டளையைத் தொடங்கி வைக்கும். அந்தக் கட்டளை வேலையை முடித்ததா, பாதியில் விழுந்ததா என்பது அதன் பொறுப்பில்லை. இந்த ஒரு விஷயம் புரியாமல்தான் பலர் டேட்டாவை இழக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களும் விலக்கில்லை. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் ஃபைல்களை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடிப் போனால், சேமிப்பிடம் காலி. டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் பதிப்பு 9.6; பேக்கப் எடுத்த கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. பிழை வந்தால் மின்னஞ்சல் போகும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் கிரான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு டிமார்க் (அனுப்பியவர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறை) அமைக்கப்படாததால் அவை நிராகரிக்கப்பட்டன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு தேவைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) இருந்ததால் இழப்பு அந்த ஆறு மணி நேரத்தோடு நின்றது. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே வெளியிட்டதால்தான் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது.

நம்மூர்ச் சிறு அலுவலகங்களில் நிலைமை இன்னும் மோசம். சர்வரில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளே இருக்காது. அப்போது கிரான் பிழைச் செய்தியைக் கைவிட்டு, கைவிட்டேன் என்று லாக் எனும் பதிவு ஃபைலில் ஒரு வரி எழுதும். அந்த லாகை யார் படிக்கிறார்கள்?

டெர்மினலில் நாமே கொடுத்தால் ஓடும் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய ஃபைல்) கிரானில் ஏன் விழுகிறது என்று பலர் கேட்கிறார்கள். முதலில் பாத்தை, அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் லாகின் செய்யும்போது கிடைக்கும் சூழல் கிரானுக்குக் கிடைக்காது. கட்டளைகளைத் தேட அதற்குத் தெரிந்த இடங்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு கட்டளைக்கும் முழு முகவரி எழுதுங்கள். அடுத்தது சதவீதக் குறி. பேக்கப் ஃபைலின் பெயரில் தேதி வர வேண்டுமென்று % போட்டால், கிரான் அதை வரி முடிவாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். முன்னால் \ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டளையைத் தனி ஸ்கிரிப்டில் வைத்து, கிரானில் அதன் முகவரியை மட்டும் கொடுங்கள். நான் எப்போதும் செய்வது இதைத்தான்.

எனக்கு மிகவும் கவலை தருவது பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குள் அனுப்புவது. டேட்டாபேஸை நகலெடுக்கும் டம்ப்பை, சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்குள் அனுப்பும்போது டம்ப் தொடக்கத்திலேயே தோற்றாலும் ஜிஜிப் வெற்றிகரமாக ஒரு ஃபைலை உருவாக்கும். பெயர், தேதி எல்லாம் சரியாக இருக்கும். அளவு 20 பைட். டைரக்டரியைப் பார்ப்பவருக்குத் தினம் ஒரு பேக்கப் இருப்பதாகத்தான் தோன்றும். பாஷ் ஸ்கிரிப்டில் பைப்ஃபெயில் அமைப்பை இயக்குங்கள்; பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வியாகக் கணக்காகும். ஃபைல் நேற்றையதைவிடப் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தால் எச்சரிக்கை வரட்டும். எல்லாம் சரியாக முடிந்தால் மட்டும் ஸ்கிரிப்ட் வேறொரு இயந்திரத்துக்கு ஒரு தகவல் அனுப்பட்டும். தகவல் வராத நாளில் அந்த இயந்திரம் உங்களை அழைக்கட்டும். மாதம் ஒருமுறையாவது பேக்கப்பை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசி நாள் பில் வரை இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இரண்டு மணி என்று எழுதினால் இந்தியாவில் காலை 7:30. கிழமை குறித்த வேலை என்றால் நாளே மாறிவிடலாம்: நம் திங்கள் அதிகாலை 2 மணி, அங்கே ஞாயிறு இரவு 8:30. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஓட வேண்டுமென்று தேதியில் 1-7, கிழமையில் ஞாயிறு என்று போட்டால், அந்த ஏழு நாளும் ஓடும், எல்லா ஞாயிறும் ஓடும். இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரானுக்குப் போதும்.

இரவில் அணைத்து வைக்கும் கணினி என்றால் கிரானை நம்ப வேண்டாம். தவறிய வேலையை அது பிறகு செய்யாது. அனாக்ரான் என்ற கருவி செய்யும். லினக்ஸின் சிஸ்டம்டி தரும் டைமரில் பெர்சிஸ்டன்ட் வசதியை இயக்கினாலும் நடக்கும்.

இன்னொன்று. கிரான்டேப், அதாவது கிரானின் வேலைப் பட்டியலைத் திருத்தும் தெரிவு 'இ' (e), மொத்தத்தையும் அழிக்கும் தெரிவு 'ஆர்' (r). விசைப்பலகையில் இரண்டும் அடுத்தடுத்த விசைகள். அழிக்கும்போது வழக்கமாகக் கேள்வியும் கேட்காது. ஆகவே கிரான்டேப்பின் நகலும் உங்கள் பேக்கப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.